பீரங்கி முழங்கிற்று, பெயர்கள் எங்கே?

2025 டிசம்பர் 9 ஆம் நாள் இலங்கைக் கடற்படைக்கு 75 ஆண்டு நிறைந்தது. 1950 ஆம் ஆண்டு அதே நாளில், கடற்படைச் சட்டத்தின்படி, ராயல் சிலோன் கடற்படை என்னும் பெயருடன் பிறந்தது அது. 1972 இல் நாடு குடியரசானபோது இன்றைய பெயரைப் பெற்றது. பவள விழா எடுப்பது அவர்கள் உரிமை. எடுக்கட்டும். முடியரசும் குடியரசும் தத்தம் படைகளுக்கு விழா எடுப்பது உலக வழக்கு. அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

ஆயின் அந்த விழாவைப் பற்றிப் பேச நமக்கும் உரிமையுண்டு. விழாவுக்குரிய படையின் தலையாய தளம் எங்கே இருக்கிறது? நம்முடைய திருகோணமலையிலே இருக்கிறது. அவர்களுடைய பட்டறையும் பயிற்சிக் கழகமும் நம் குடாவின் கரையிலேயே நிற்கின்றன. திருகோணமலைக்கு மேற்கே கப்பல்துறை என்றே ஓர் ஊர் உண்டு. அவ்வூருக்குக் கப்பலின் பெயர் கிடைத்தது. அந்தத் துறையிலே உழைத்தவர்களின் பெயர், அதே துறையிலே அடைக்கப்பட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது? நம் கேள்வி இதுதான். கேள்வி சிறிது, அதற்கு மறுமொழி கூற 75 ஆண்டு போதவில்லை.

போர்க்காலத் தொண்டை நினைவுகூர்வதானால் முதலில் போரை உள்ளபடி நினைவுகூர வேண்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே தெற்குக் கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு பெருங்கப்பல்கள் மூழ்கின. நான்கு நாள் கழிந்து ஏப்ரல் 9 காலையில் திருகோணமலையின் முறை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு வந்தன. பட்டறை எரிந்தது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றிற்று. துறைமுகத்துள் நின்ற சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் குண்டுபட்டு எரிந்தது. முதல் நாளிரவே துறையை விட்டு வெளியேறித் தெற்கே சென்ற ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்தார்கள். அக்கப்பலில் அன்று ஒரு விமானந்தானும் இல்லை. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டுவதற்குத் தொடங்கப்பட்ட உலகின் முதற்கப்பல், தற்காக்க ஒரு விமானமின்றிச் சில நிமிடங்களில் கடலடியிற் போயிற்று. அதனோடு 300 க்கு மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கிற்று. வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் மிதந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கானோரை அள்ளியெடுத்துக் காத்தது. அந்த மருத்துவக் கப்பலை மட்டும் ஜப்பானியர் தாக்கவில்லை என்பதையும் சொல்லிவைப்போம். பகைவன் செய்த நன்மையை மறைப்பது நம் மரபன்று.

நிலாவெளி வீதியில் உப்புவெளிப் போர்க்கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். முந்நூறுக்கு மேற்பட்ட கல்லறைகள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், தெரிந்தால் வயது. பெயர் தெரியாதவனுக்கும் ஒரு கல் உண்டு. ஏகாதிபத்தியத்தைப் பற்றி நமக்கு மயக்கம் எதுவும் இல்லை. நம்மை ஆண்டவர்கள் நமக்காகப் போரிட்டார்கள் என்று நம்பும் ஏமாளிகளும் நாம் அல்லோம். எனினும் செத்தவனின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்ற அந்த ஒழுங்கை நாம் மதிக்கிறோம். நம் வாதத்திற்கு அளவுகோலாக அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். சீருடை அணிந்தவனுக்குக் கல் கிடைத்தது. நிலக்கரி சுமந்தவனுக்கு? கப்பலின் அடிப்பக்கத்துத் துருவைச் சுரண்டியவனுக்கு? எண்ணெய்த் தாங்கிகளுக்கு மண் வெட்டியவனுக்கு? அவன் தமிழன், முஸ்லிம், சிங்களவன், மலையாளக் கரையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவன். அன்றைய தினம் குண்டு அவனுடைய சாதியையும் மொழியையும் கேட்டு விழவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 9 வருகிறது. துறைமுகத் தொழிலாளருக்காக ஒரு மாலை, ஒரு நிமிட மௌனம், ஒரு வரி அறிக்கை என்று கேட்டால், "அவர்கள் படையினர் அல்லரே!" என்பார்கள். படையினர் அல்லர்தாம். ஆனால் அவர்கள் கைபடாமல் எந்தப் படையின் எந்தக் கப்பல் இந்தத் துறையை விட்டு நகர்ந்தது?

இனித் தொண்டர் கடற்படையின் கதைக்கு வருவோம். 75 என்று எண்ணுகிறார்களே, அது சட்டத்தின் வயது. படையின் வேர் அதற்கு முந்தியது. 1937 இன் சட்டத்தினால் அமைந்து 1938 சனவரியில் தொடங்கியது இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை. 1939 இல் போர் மூண்டதும் பணிக்கு அழைக்கப்பட்டது. பிற்பாடு பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப்படையாயிற்று. மீன்பிடி இழுவைக் கப்பல்களையும் இழுவைப்படகுகளையும் வைத்துக்கொண்டு கண்ணிவெடி வாரினார்கள் இத்தீவின் இளைஞர்கள். 1943 இல் இத்தாலி சரணடைந்தபோது எரித்திரேயா என்னும் இத்தாலியக் கப்பலைப் பொறுப்பேற்றுக் கொழும்புக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அப்படையிலே எல்லா இனத்தாரும் இருந்தனர். விழா மேடையில் இப்போர்த்தொண்டைப் பேசுகிறவர்கள் அந்தக் கலப்பையும் சேர்த்துப் பேசவேண்டும், பேசுவார்களா?

ஒரு பெயரை நாமே எடுத்துத் தருகிறோம். ராஜன் கதிர்காமர். போர்க்காலத் தொண்டர் படையிலிருந்து வந்த தமிழர். 1960 முதல் 1970 வரை, ஏறக்குறையப் பத்தாண்டு, இந்நாட்டுக் கடற்படையின் தளபதி. சிங்களம் மட்டும் சட்டம் 1956 இல் வந்துவிட்டது. 1958 இல் தமிழர் குருதி ஓடிவிட்டது. அதற்குப் பின்னரும் ஒரு தமிழர் கடற்படைக்குத் தலைமை தாங்க முடிந்தது. நாடு அதனால் கடலில் மூழ்கிவிடவில்லை. அவருக்குப் பின் 47 ஆண்டு சென்று, 2017 ஆகஸ்டில், இன்னொரு தமிழர் தளபதியானார்: திரவிஸ் சின்னையா. எத்தனை காலம்? இரண்டு திங்களும் சில நாளும்! அவ்வளவில் ஓய்வு பெற்றுச் சென்றார். 75 ஆண்டுக் கணக்கில் தமிழ்த் தளபதியர் இருவர். ஒருவருக்குப் பத்தாண்டு, மற்றவருக்கு இரண்டு மாதம். திறமை 1970 இல் தமிழரிடையே வற்றிப்போயிற்றா? அல்லது நம்பிக்கை வற்றிப்போயிற்றா? வாசகரே தீர்ப்புச் சொல்லட்டும்.

கப்பல்களின் பெயர்களிலும் ஒரு சேதி உண்டு. முதற் போர்க்கப்பலுக்கு விஜயா என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவற்றுக்குக் கஜபாகு, மகாசேன, பராக்கிரம என்று. மன்னர் பெயரை வைப்பதில் குற்றமில்லை. கஜபாகு நமக்கும் அயலான் அல்லன். கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் கலந்துகொண்ட கயவாகு என்று சிலப்பதிகாரம் அறிந்து வைத்திருக்கும் மன்னன் அவன். ஒரே மன்னன் இரு மொழியிலும் வாழ்கிறான் என்ற செய்தியைக் கப்பலில் ஏறும் ஒரு மாலுமிப் பிள்ளைக்காவது யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்பதுதான் நம் ஐயம்.

1957 ஒக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியர் இத்துறைமுகத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். பண்டாரநாயக்காவின் சாதனைகளில் அதுவொன்று. அதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். அந்நியர் கொடி இறங்குவது கண்டு மகிழாதவன் அடிமை. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் அதே பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். துறைமுகம் கைமாறிற்று, ஒப்பந்தம் காற்றிலே போயிற்று. 1958 ஏப்ரல் 9 ஆம் நாள் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்தமர்ந்தனர். அன்றே அது கைவிடப்பட்டது. நாளைக் கவனியுங்கள். திருகோணமலையில் ஜப்பானியக் குண்டு விழுந்து சரியாகப் பதினாறு ஆண்டு. முதற் குண்டு இரும்பை எரித்தது. இரண்டாவது எதை எரித்தது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரித்தானியர் போனபோது அவர்களிடம் வேலை செய்த குடும்பங்களின் அடுப்பும் அணைந்தது. கொடி மாறியதைக் கொண்டாடியவர்கள் அந்த அடுப்பை எண்ணிப் பார்க்கவில்லை.

இனி நெஞ்சு கனக்கும் பகுதி. மறைத்துப் பேச நமக்கு வராது.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஏறியிருந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. 36 பேர் என்பது தீவு மக்களின் கணக்கு. உயிர்தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

2008 செப்டம்பரில் தெகிவளையில் ஐந்து இளைஞர்கள் கடத்தப்பட்டனர். அக்காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் இவ்வாறு கொண்டுபோகப்பட்டோர் பதினொருவர். தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. கப்பம் கேட்டுக் கடத்தினார்கள் என்பதும், கொழும்பிலும் பின்னர் இதே திருகோணமலைத் தளத்துக்குள்ளும் அடைத்து வைத்தார்கள் என்பதும் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் வைத்த வழக்கு. 2015 நவம்பரில் ஐக்கிய நாடுகள் செயற்குழு ஒன்று தளத்துக்குள் வந்து நிலத்தடிச் சிறைகளைத் தன் கண்ணாலேயே பார்த்துச் சென்றது. 2019 இல் 14 பேருக்கெதிராக 667 குற்றச்சாட்டுகள் கொண்ட குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. 2021 இல், குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் மிக உயர்ந்த பதவி வகித்த ஒருவர்மீது வழக்கைத் தொடர்வதில்லை என்று சட்டமா அதிபர் முடிவெடுத்தார். குற்றவாளி யார் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. அது நீதிமன்றத்தின் வேலை. பிள்ளைகள் எங்கே என்று கேட்பது எவருடைய வேலை? அந்தத் தாய்மாருடைய வேலை. அவர்கள் கேட்டுக் கேட்டுத் தலை நரைத்துவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து கேட்பது இந்நாட்டிலுள்ள ஒவ்வொருவருடைய வேலை.

ஒன்று சொல்வோம். 1942 இல் குண்டுபட்ட அந்தச் சகாயிங் கப்பல் துறைமுகத்தின் அடியிலே கிடந்தது. 2018 மார்ச்சில் கடற்படையின் சுழியோடிகள், மாதக்கணக்கில் பாடுபட்டு, அதை மேலே மிதக்கவிட்டார்கள். அரிய வேலை, அவர்களின் தொழில்திறனைப் பாராட்டுகிறோம். முக்கால் நூற்றாண்டு சேற்றில் புதைந்து கிடந்த ஓர் இரும்பு மலையைத் தூக்க வல்லவர்களுக்கு, தம் தளத்துக்குள் அடைக்கப்பட்டதாக வழக்குள்ள பதினொரு பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்ற செய்தியை மட்டும் தூக்கியெடுக்க முடியவில்லையா? நீரின் ஆழம் தடையன்று என்று அவர்களே மெய்ப்பித்துவிட்டார்கள். அப்படியானால் தடை எது?

"விழாக்காலத்தில் இழவுப்பேச்சு எதற்கு?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். "போரில் மாண்ட கடற்படை வீரருக்கும் தாய்மார் உண்டு, அவர்களின் கண்ணீர் உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றும் கேட்பார்கள். தெரிகிறது. 2006 ஒக்டோபர் 16 ஆம் நாள் திகம்பதானையில், விடுமுறையில் செல்லவும் திரும்பவும் பேருந்துகளில் இருந்த கடற்படையினர் ஏறக்குறைய நூறுபேர் வெடிவைத்துக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் கிராமத்துப் பிள்ளைகள். கையில் ஆயுதமின்றிப் பயணம் செய்தவர்கள். அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்தோம். அந்தத் தாய்மாருக்கு அரசு பெயர்ப்பலகை வைத்தது, ஆண்டுதோறும் மலர் வைக்கிறது, வைக்கத்தான் வேண்டும். தெகிவளையில் மகனை இழந்த தாய்க்கும் அதே அரசுதானே அரசு? ஒரு தாய்க்கு மலர்வளையமும் மற்றத் தாய்க்கு நீதிமன்றத் தவணைச்சீட்டும் கொடுக்கும் அரசை எந்த முகத்தோடு பொது அரசு என்று அழைப்பது?

இன்னும் ஒன்று. இந்தப் பதினொருவர் வழக்கில் முதன்முதலாக 2009 இல் முறைப்பாடு செய்தது கடற்படையின் உள்ளிருந்தே வந்தது. பிற்பாடு கண்டதைக் கண்டவாறு புலனாய்வாளரிடம் சொல்லியவர்களிலும் கடற்படை உத்தியோகத்தர் இருந்தனர். பதவியை, பாதுகாப்பை, உடன்பணியாற்றியோரின் நட்பைப் பணயம் வைத்து வாய்திறந்த மனிதர்கள் அவர்கள். படையின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்களா, வாய்மூடியிருந்தவர்களா? பவள விழாவில் பதக்கம் சூட்ட ஆள் தேடியவர்கள் அவர்களைத் தேடியிருக்கலாம்.

படையை அவமதிக்கிறோம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஆர்ஜன்டீனாவில் கடற்படைக்கு ஒரு பொறியியற் பயிற்சிக் கல்லூரி இருந்தது. 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சிக் காலத்தில் அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இரகசியமாக அடைக்கப்பட்டனர், பெரும்பாலோர் திரும்பவில்லை. 2004 இல் அந்நாட்டு அரசு அவ்விடத்தைக் கடற்படையிடமிருந்து எடுத்து நினைவிடமாக்கியது. 2023 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களோடு சேர்த்தது. தாய்மார் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வாராவாரம் சதுக்கத்தைச் சுற்றி நடந்ததன் பயன் அது. ஆர்ஜன்டீனாவின் கடற்படை அதனால் அழிந்துபோயிற்றா? இன்றைக்கும் அதற்குக் கப்பல் உண்டு, கொடி உண்டு, விழாவும் உண்டு. திருகோணமலைத் தளத்தின் நிலத்தடிச் சிறைகளை என்ன செய்ய உத்தேசம் என்று எந்த மந்திரியாவது வாய் திறந்து சொல்லுவாரா?

நன்மையையும் எழுதாவிடில் நம் பேனாவும் ஒருபக்கம் சாய்ந்த பேனா ஆகிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விழாவுக்கென வந்திருந்த இந்தியக் கடற்படையின் விக்ராந்த் கப்பலே நிவாரணப் பணிக்குத் திரும்பிற்று. வெள்ளத்தில் தத்தளித்த மக்களைப் படகு விட்டு மீட்டவர்களில் இலங்கைக் கடற்படையினரும் முன்னின்றனர். நீரில் நின்று கைநீட்டிய முதியவளிடம் அந்த மாலுமி எந்த மொழி பேசுகிறாய் என்று கேட்டிருக்கமாட்டான். எந்த அணிவகுப்பையும்விட அதுவே அப்படைக்குப் பெருமை. அந்தக் கையை நாம் வணங்குகிறோம். அந்தக் கை எல்லாக் காலத்திலும் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூர் மக்கள் 2006 இல் ஊரைவிட்டு ஓடினர். அவர்கள் நிலத்தில் 237 ஏக்கர் கடற்படை முகாமாயிற்று. பத்தாண்டு மரத்தடியிலும் முகாமிலும் கிடந்து, ஓயாது கேட்டு, 2016 இல் அந்நிலத்தைத் திரும்பப் பெற்றனர். முகாம் விலகியதால் நாட்டின் பாதுகாப்பு சரிந்துவிடவில்லை. மன்னார் முள்ளிக்குளத்தில் 2007 இல் வெளியேற்றப்பட்டவர்கள் 2017 இல் வீதியோரத்தில் அமர்ந்து போராடிய பின்பே ஒரு பகுதியேனும் விடுவிக்கப்பட்டது. கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் பாதிதான் கிடைக்கும் என்ற நிலையில் நிலத்துக்குரியவனை வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே கடற்படையாரிடமும் அவர்களை ஆளும் அரசாங்கத்திடமும் நாம் கேட்பது இதுவே. 2026 ஏப்ரல் 9 முதலாகத் திருகோணமலையில் மாலை வைக்கும்போது துறைமுகத் தொழிலாளரையும் சேர்த்து வையுங்கள். பழைய கூலிப் பதிவேடுகளைத் திறந்து, கிடைக்கும் பெயர்களைக் கல்லில் வெட்டுங்கள். அதை மூன்று மொழியிலும் வெட்டுங்கள், தமிழும் அரசகரும மொழியென்று உங்கள் அரசியலமைப்பே 1987 முதல் சொல்லுகிறது. கதிர்காமரின் படத்தை மூலையில் மாட்டாமல், அவர் வழியில் வர ஒரு தமிழ்ப் பையனுக்கு இன்று கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சிய நிலத்தை, மக்கள் வீதியில் வந்து உட்காருமுன் கொடுங்கள். பதினொருவர் வழக்கைத் தவணைமேல் தவணையாக இழுக்காது நடத்துங்கள். பிள்ளைகள் உயிரோடில்லையென்றால், எங்கே புதைத்தார்கள் என்பதையேனும் தாய்மாருக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தாய்மாரில் சிலர் பிள்ளையின் செய்தி அறியாமலே கண்மூடிவிட்டனர். இருப்பவர்களும் முதியவர்கள். அடுத்த தவணைக்கும் அவர்கள் கையில் பிள்ளையின் படத்தோடு நீதிமன்ற வாசலுக்கு வருவார்கள்.